கைரேகை வைத்தால் லினக்ஸ் திறக்க வேண்டும்: டிரைவர் எழுதுவதிலிருந்து லாகின் வரை முழு வழிகாட்டி

என் மேசை மேல் ஒரு பழைய கைரேகை ரீடர் கிடக்கிறது. டிஜிட்டல் பெர்சோனா நிறுவனத்தின் யு.ஆர்.யு. 4000பி. யுஎஸ்பி ஒயரைச் செருகினால் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும், விரலை வைத்தால் 384க்கு 290 பிக்சலில் ஒரு சாம்பல் நிறப் படம் வரும். லினக்ஸில் செருகிய உடனே வேலை செய்கிறது. அதே மேசையில், போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய, நகம் அளவே இருக்கிற குட்டி கைரேகை டாங்கிள் ஒன்றும் கிடக்கிறது. ரீடரைவிட அது பல வருஷம் புதுசு. ஆனால் லினக்ஸில் வெறும் அலங்காரம்தான்.

பழையது ஏன் ஓடுகிறது, புதியது ஏன் ஓடவில்லை, ஓட வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சி மொழி ஓரளவு தெரிந்து, டெர்மினலில் தினமும் புழங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். டிரைவர் என்றதும் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இறங்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். கைரேகை ரீடருக்கு அது தேவையில்லை. யுஎஸ்பி வழியாகப் பேசும் சாதாரண நிரல் போதும். தப்பு செய்தால் உங்கள் நிரல் மட்டும் விழும், கம்ப்யூட்டர் விழாது. அதனால் டிரைவர் எழுதிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கருத்து.

இந்த வேலைக்கான அடித்தளம் லிப்எஃப்பிரிண்ட் என்ற லைப்ரரி. டேனியல் டிரேக் என்பவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2007 வாக்கில் கல்லூரி புராஜெக்டாக ஆரம்பித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு ரீடருக்கும் ஒருவர் தனியாக ஒரு நிரல் எழுதி வைத்திருப்பார், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. எல்லா ரீடருக்கும் ஒரே முகம், அதற்கு அடியில் ஆளுக்கொரு டிரைவர் என்ற ஏற்பாடுதான் லிப்எஃப்பிரிண்ட் கொண்டுவந்தது. 2019 கடைசியில் உள்ளமைப்பு முழுக்க ஜிஆப்ஜெக்ட் என்ற பொருள்சார் நிரலாக்க முறைக்கு மாற்றி எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் அதற்கு முந்தைய அமைப்பைச் சொல்லும், அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 1: சிப் எது என்று கண்டுபிடியுங்கள்

டெர்மினலில் எல்எஸ்-யுஎஸ்பி கட்டளை கொடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும், நடுவில் முக்காற்புள்ளி வைத்த இரண்டு நான்கிலக்க எண்கள் வரும். முதலாவது தயாரிப்பாளர் எண், இரண்டாவது பொருளின் எண். பெட்டியில் அச்சடித்த பிராண்டு பெயரை மறந்துவிடுங்கள், இந்த ஜோடி எண்தான் உங்கள் ரீடரின் உண்மையான பெயர்.

பக்கத்தில் வரும் பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. பழைய திங்க்பேடுகளில் இருந்த 0483:2016 என்ற ரீடரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்எஸ்-யுஎஸ்பி அதை எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்று காட்டும். செய்தது யூபெக். எஸ்டி மைக்ரோவிலிருந்து 2004இல் பிரிந்து வந்த நிறுவனம் என்பதால் தாய்வீட்டு எண் ஒட்டிக்கொண்டது. யூபெக் 2010இல் ஆத்தென்டெக்கோடு இணைந்தது, ஆத்தென்டெக்கை 2012இல் ஆப்பிள் வாங்கியது. இந்தத் தொழிலில் சிப்பின் குலம் கோத்திரம் இப்படித்தான் இருக்கும்.

எண் கிடைத்ததும் லிப்எஃப்பிரிண்ட் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் படி 7க்குத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் 'ஆதரவில்லாதவை' என்று இன்னொரு பட்டியலும் இருக்கிறது, அதில் உங்கள் சிப் பற்றி யாராவது ஏற்கெனவே தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்து எண் கொண்ட ரீடர் ஒன்று ஆதரவுப் பட்டியலில் இருந்தால் பாதி அதிர்ஷ்டம். பல சமயம் அந்த டிரைவரின் எண் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தாலே வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வரியைப் பரிசோதித்து அனுப்புவதும் முறையான பங்களிப்புதான்.

படி 2: படம் அனுப்புகிறதா, பதில் அனுப்புகிறதா?

ரீடர்களில் இரண்டு ஜாதி உண்டு. விரலின் படத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, ஒப்பிடுவது உன் பாடு என்று விடுவது ஒன்று. ஒப்பிடும் வேலையையும் சிப்புக்குள்ளேயே செய்துவிட்டு ஆம், இல்லை என்று பதில் மட்டும் சொல்வது இன்னொன்று. என் யு.ஆர்.யு. முதல் ஜாதி. இன்றைய லேப்டாப்களில் வரும் கூடிக்ஸ், சினாப்டிக்ஸ், எலான் சிப்கள் பெரும்பாலும் இரண்டாவது.

மேலே ஓடும் நிரல்களிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டிரைவர் எழுதுபவருக்கோ இரண்டும் வேறு வேறு வேலைகள், லிப்எஃப்பிரிண்ட்டே இரண்டுக்கும் தனித்தனி அடிப்படை வகுப்பு வைத்திருக்கிறது. பட ஜாதியில் உங்கள் கடமை ஒரு நல்ல படத்தை லைப்ரரியின் கையில் கொடுப்பதோடு முடிகிறது, மீதியை அது பார்த்துக்கொள்ளும். பதில் ஜாதியில் பதிவு செய், சரிபார், அடையாளம் காண், பட்டியலிடு, அழி, நிறுத்து என்று ஒவ்வொரு செயலுக்கும் சிப்பின் மொழியில் கட்டளை கண்டுபிடித்து நீங்களே எழுத வேண்டும். பட வேலை கிடையாது, ஆனால் நெறிமுறை முழுதும் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு மேல் மூன்றாவதாக ஒரு சங்கடம்: ஒயரில் போகும் பேச்சையே மறையாக்கம் செய்யும் சிப்கள். பழைய வாலிடிட்டி சிப்கள் சிலவும், கூடிக்ஸின் சில மாடல்களும் டிஎல்எஸ் (இணையத்தில் பாதுகாப்பாகப் பேசும் முறை) மாதிரியான கைகுலுக்கல் நடத்தி, சாவி போட்டுத்தான் பேசும். என் குட்டி டாங்கிளும் அந்த ரகம். முதல் டிரைவர் எழுதுகிறவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். திறமை பற்றாது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறு மாதம் உழைத்தும் திரையில் ஒரு ரேகைகூடத் தெரியாமல் போனால் ஆர்வமே செத்துவிடும்.

படி 3: பட்டறையைத் தயார் செய்யுங்கள்

லிப்எஃப்பிரிண்ட்டின் மூலநிரல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேபில் இருக்கிறது. நகலெடுத்து, மெசான், நிஞ்சா என்ற கட்டும் கருவிகள் இரண்டையும் வைத்துக் கட்டுங்கள். மெசானுக்குக் கொடுக்கும் டிரைவர்கள் விருப்பத்தில் உங்கள் டிரைவரை மட்டும் குறிப்பிட்டால் கட்டும் நேரம் குறையும். எடுத்துக்காட்டு நிரல்களும் கூடவே வரும். ரேகையைப் பதிவு செய்ய ஒன்று, சரிபார்க்க ஒன்று, படத்தை மட்டும் பிடித்துக் கோப்பாகச் சேமிக்க ஒன்று. அந்தக் கடைசி நிரல்தான் உங்கள் நெருங்கிய தோழன்.

கணினியில் ஏற்கெனவே எஃப்பிரிண்ட்-டி சேவை (கைரேகை வேலைகளைக் கவனிக்கும் பின்னணி நிரல்) ஓடிக்கொண்டிருந்தால் ரீடரை அது பிடித்து வைத்திருக்கும். சோதனைக்கு முன் நிறுத்திவிடுங்கள். இதை மறந்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்ற செய்தியோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

படி 4: ஒட்டுக் கேளுங்கள்

தயாரிப்பாளர் ஆவணம் கொடுத்தால் இந்தப் படியே வேண்டாம். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. 2019 முதல் சினாப்டிக்ஸ், அதைத் தொடர்ந்து கூடிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தாங்களே லிப்எஃப்பிரிண்ட்டுக்கு டிரைவர் எழுதிக் கொடுத்திருக்கின்றன. பதில் வராவிட்டால், விண்டோஸ் டிரைவர் ரீடரோடு என்ன பேசுகிறது என்பதை ஒட்டுக் கேட்பதுதான் வழி.

லினக்ஸ் மேல் ஒரு மெய்நிகர் கணினி போட்டு அதில் விண்டோஸை நிறுவுங்கள். ரீடரை அதற்குள் கடத்திவிடுங்கள். வெளியே லினக்ஸில் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, வயர்ஷார்க்கைத் திறந்தால் போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் தெரியும். ஒரு பதிவில் ஒரே ஒரு செயல்தான் இருக்க வேண்டும்: செருகுவது மட்டும், விரல் வைப்பது மட்டும், எடுப்பது மட்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பிடித்தால் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் இருப்பது கட்டளை. மாறுவது படமாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், மறையாக்கமாகவும் இருக்கலாம்.

யு.ஆர்.யு. ரீடரில் இது எப்படித் தெரியும் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். யுஎஸ்பியில் கட்டளைக்கு கன்ட்ரோல், சிறு அறிவிப்புக்கு இன்டரப்ட், பெரிய தரவுக்கு பல்க் என்று தனித்தனி வழிகள் உண்டு. கம்ப்யூட்டர் முதலில் கன்ட்ரோல் வழியில் ரீடரின் ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) 10 என்று எழுதுகிறது (பதினாறடிமானக் கணக்கில்). விரலுக்காகக் காத்திரு என்று அர்த்தம். பிறகு நிசப்தம். நீங்கள் விரல் வைத்ததும் இன்டரப்ட் வழியில் 64 பைட் பாக்கெட் ஒன்று வருகிறது, அதன் தொடக்கம் 0101. விரல் வந்துவிட்டது. உடனே கம்ப்யூட்டர் அதே ரெஜிஸ்டரில் 20 எழுதுகிறது: படம் எடு. பல்க் வழியில் மூட்டையாகப் படம் வந்து இறங்குகிறது. அடுத்து 12 எழுதுகிறது: விரல் எடுக்கும் வரை காத்திரு. எடுத்ததும் 0200 வருகிறது. 70 எழுதினால் ரீடர் தூங்கப் போய்விடும். ஐந்தாறு வார்த்தையில் முடிகிற ஒரு உரையாடல், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த தருணத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் மனிதர்கள் சம்பளம் இல்லாமல் டிரைவர் எழுதுகிறார்கள்.

இந்த ரீடரிலும் மறையாக்கம் உண்டு. ஆனால் அதற்கான சுவிட்ச் ரீடரின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டில் இருக்கிறது. 17 என்று இருந்தால் மறையாக்கம் இயங்கும், ஒரு பிட்டை அணைத்து 07 ஆக்கிவிட்டால் படம் பச்சையாக வரும். லிப்எஃப்பிரிண்ட் டிரைவர் ரீடரைத் திறக்கும்போது அந்த பைட்டைத் தேடிப் பிடித்து மாற்றி எழுதும். இதே வன்பொருளை மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் விற்றபோது மறையாக்கத்தை அணைத்தே விற்றது என்பதை பின்லாந்து ஆய்வாளர் மிக்கோ கிவிஹார்யு 2006 பிளாக் ஹேட் ஐரோப்பா கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரலோடு இன்னொரு நிரல் இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் சுலபமாகக் கிடைக்காதபோது, முறையாக அதை வைத்திருப்பவர் அந்தத் தகவலைப் பெறுவதற்கு இடம் கொடுக்கிறது. அதற்காக விண்டோஸ் டிரைவரின் நிரலையோ ஃபர்ம்வேர் கோப்பையோ எடுத்து உங்கள் டிரைவருக்குள் ஒட்டக் கூடாது. கேட்டதை வைத்து உங்கள் சொந்தக் கையால் எழுத வேண்டும்.

படி 5: டிரைவரின் எலும்புக்கூடு

பட ஜாதி டிரைவருக்குத் தேவையானவை கொஞ்சம்தான். எண் ஜோடிகளின் அட்டவணை. ரீடர் விரல் வைக்கும் வகையா, இழுக்கும் வகையா என்ற குறிப்பு. திற, மூடு, இயக்கு, அணை, நிலை மாற்று என்ற ஐந்து செயல்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். உங்கள் ரீடரைப் போலவே நடந்துகொள்ளும் சின்ன டிரைவர் ஒன்றைத் தேடி, அதைப் பார்த்து எழுத ஆரம்பியுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சி மொழியில் பழகிய கை, 'பாக்கெட் அனுப்பு, பதில் வரும் வரை நில்' என்று எழுதப் பார்க்கும். இங்கே நிற்கக் கூடாது. நீங்கள் நின்றால் உங்கள் மேல் இயங்கும் லாகின் திரையும் சேர்ந்து உறையும். அதனால் லிப்எஃப்பிரிண்ட் ஒரு வரிசை நிலைப்பொறி கொடுக்கிறது. மேலே பார்த்த உரையாடலை நிலைகளாக உடைக்க வேண்டும்: காத்திருப்பை எழுது, இன்டரப்டைக் கேள், படம் எடு, படத்தை வாங்கு. ஒவ்வொரு நிலையிலும் ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். பதில் வந்ததும் லைப்ரரி உங்களை மறுபடி கூப்பிடும், அப்போது அடுத்த நிலைக்குப் போகச் சொல்லலாம், தோற்றுவிட்டது என்றும் அறிவிக்கலாம்.

விரல் வந்தது, விரல் போனது, படம் கிடைத்தது: இந்த மூன்றையும் லைப்ரரிக்குத் தவறாமல் சொல்ல வேண்டும். விரல் போனதைச் சொல்ல மறந்தால் பதிவின் இரண்டாவது சுற்று வரவே வராது. பயனர் பாவம், விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருப்பார்.

இழுக்கும் வகை ரீடர் என்றால் இன்னொரு வேலை சேரும். அது முழு விரலையும் ஒரே படமாகத் தராது, சில வரி உயரமுள்ள பட்டைகளாகத் தரும். அடுத்தடுத்த பட்டைகள் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்று கணித்து ஒட்ட வேண்டும். விரலை வேகமாக இழுத்தால் ரேகை சுருங்கும், மெதுவாக இழுத்தால் நீளும். அசைவைக் கணிக்கவும் ஒட்டவும் லைப்ரரியில் ஆயத்த செயல்கூறுகள் இருக்கின்றன, நீங்களே எழுத உட்காராதீர்கள்.

ரீடர் சூடாவது பற்றி ஒரு வார்த்தை. விரலுக்காக இடைவிடாமல் விழித்திருக்கும் சென்சார் சூடாகும். 1.94 பதிப்பிலிருந்து லிப்எஃப்பிரிண்ட் ஒரு வெப்பக் கணக்கு வைத்திருக்கிறது. டிரைவர் எதுவும் சொல்லாவிட்டால் சுமார் 3 நிமிடத்தில் சூடாகும், ஆற 9 நிமிடம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் சிப் அப்படியல்ல என்று நிச்சயமாகத் தெரிந்தால் மாற்றலாம். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 6: படம் வந்துவிட்டது, இனி ரேகை

முதல் படம் திரையில் வரும்போது பெரும்பாலும் தலைகீழாகவோ கண்ணாடி பிம்பமாகவோ கறுப்பு வெள்ளை மாறியோ இருக்கும். படத்தோடு அதற்கான கொடிகளை (ஃப்ளாக்) ஏற்றிவிட்டால் லைப்ரரியே சரிசெய்யும். விரலை வேண்டுமென்றே கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்துப் பாருங்கள். படமும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறதா? கண்ணாடி பிம்பமாக இருந்தாலும் அதே ரீடரில் எடுத்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்திவிடும், அதனால் இந்தத் தப்பு பல நாள் வெளியே தெரியாமலே இருக்கும்.

அடுத்து அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் பொதுவெளியில் விட்ட இரண்டு நிரல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. மைண்ட்டிசிடி என்பது படத்தில் ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளைக்கின்றன என்று தேடி ஒரு புள்ளிப் பட்டியல் போடும். போசார்த்3 இரண்டு பட்டியல்களை ஒப்பிடும். பெயர் எஃப்பிஐயில் பணியாற்றிய ஆலன் போசார்த்துடையது.

வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்த்தாலும் திண்ணையிலிருந்து பார்த்தாலும் ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம் மாறுவதில்லை. போசார்த்3 செய்வதும் அதுதான். புள்ளிகளை இரண்டிரண்டாக எடுத்து, தூரத்தையும் சாய்வையும் அட்டவணையாக்கி, இரண்டு அட்டவணைகளில் எத்தனை ஜோடி ஒத்துப்போகிறது என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடும். விரல் திரும்பியிருந்தாலும் நகர்ந்திருந்தாலும் கவலையில்லை. லிப்எஃப்பிரிண்ட்டில் வழக்கமான தேர்ச்சி மதிப்பெண் 40. ஒரு படத்தில் 10 புள்ளிகூடத் தேறவில்லையென்றால் ஒப்பிடாமலே பூஜ்யம் போட்டுவிடும்.

குட்டி சென்சார்களின் சாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த நிரல்கள் அங்குலத்துக்கு 500 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 பிக்சல் உள்ள, முழு விரலின் படத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. 5 மில்லிமீட்டர் சதுர சென்சார் தருவது 100க்கு 100 பிக்சல்கூட இல்லை. அதில் தேறும் முனைகளும் கிளைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் கொஞ்சம் உதவும். தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைப்பது இன்னொரு வழி, ஆதரவுப் பட்டியலில் உள்ள சில டிரைவர்களிலேயே இருபதுகள் வரை இறங்கியிருக்கிறார்கள். ஆனால் இறக்க இறக்க அடுத்த வீட்டுக்காரர் விரலுக்கும் கதவு திறக்கும் வாய்ப்பு கூடும். எனவே எண்ணைத் தொடும் முன் வீட்டில் இருக்கிற அத்தனை பேர் விரலையும் வைத்துப் பாருங்கள். ஒரே விரலின் மதிப்பெண்களை ஒரு பக்கமும், வேறு வேறு விரல்களின் மதிப்பெண்களை மறுபக்கமும் எழுதி, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அந்தச் சோதனையில் வயதானவர்களும், சமையல், தையல், கட்டட வேலை செய்பவர்களும் கட்டாயம் இருக்கட்டும். ரேஷன் கடையில் பாட்டிகள் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டு மட்டுமே தட்டுகிற நம் விரல்கள் எந்த ரீடரையும் தேர்ச்சி பெற வைத்துவிடும்.

படி 7: எஃப்பிரிண்ட்-டியும் டி-பஸ்ஸும்

லைப்ரரியை எந்த நிரலும் நேரடியாகத் தொட விடுவது ஆபத்து. நடுவில் ரூட் உரிமையோடு எஃப்பிரிண்ட்-டி சேவை நிற்கிறது. லாகின் திரையும் அமைப்புகள் திரையும் டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் பாதை) வழியாக இதனிடம்தான் கேட்கும். முதலில் ரீடரை உரிமை கோர வேண்டும், பதிவையோ சரிபார்ப்பையோ தொடங்க வேண்டும், முடிந்ததும் விட்டுவிட வேண்டும். யார் எதைச் செய்யலாம் என்பதை போல்கிட் முடிவு செய்யும். வேலையில்லாமல் 30 விநாடி போனால் சேவை தானாக நின்றுவிடும். பிராசஸ் பட்டியலில் அதைக் காணோமே என்று பதற வேண்டாம்.

உங்கள் டிரைவர் சரி என்றால் எஃப்பிரிண்ட்-டி-என்ரோல் கட்டளை ஓடும். விரலை மறுபடி மறுபடி வைத்து எடுக்கச் சொல்லும், கடைசியில் பதிவு முடிந்தது என்று சொல்லும். எஃப்பிரிண்ட்-டி-வெரிஃபை கட்டளை கொடுத்துச் சரிபாருங்கள். பிறகு தப்பான விரலை வைத்தும் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பாதிப்பேர் செய்வதே இல்லை.

பதிந்தவை வார் அடைவுக்குள் லிப், அதற்குள் எஃப்பிரிண்ட் என்ற இடத்தில், பயனர் பெயருக்குக் கீழே டிரைவர், கருவி, விரல் என்ற வரிசையில் கோப்புகளாகச் சேரும். ரூட் மட்டும் படிக்கலாம். ஆனால் மறையாக்கம் கிடையாது. பாஸ்வேர்டை ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக்கி) வைக்கிறார்களே, ரேகையையும் அப்படி வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஒரே பாஸ்வேர்டு எத்தனை தடவை தட்டினாலும் ஒரே எழுத்துகள். ஒரே விரல் எந்த இரண்டு தடவையும் ஒரே படம் தராது. 'கிட்டத்தட்ட ஒன்று' என்பதை ஹாஷ் ஏற்காது. ஆகவே வட்டையே முழுதாக மறையாக்கம் செய்து வையுங்கள்.

படி 8: பாம் கோப்பைத் தொடும்போது

லினக்ஸில் யார் உள்ளே வரலாம் என்று கேட்கும் வாசற்காவலருக்கு பாம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தப்பாகத் திருத்தினால் வெடிக்கத்தான் செய்யும். முதல் முறை நான் சூடோ கோப்பில் 'போதும்' என்று பொருள்படும் சஃபிஷியன்ட் எழுத வேண்டிய இடத்தில் 'கட்டாயம்' என்று பொருள்படும் ரிக்வயர்டு எழுதினேன். ரீடரைப் பிடுங்கியதும் சூடோ என்னையே உள்ளே விடவில்லை. திருத்துவதற்கும் சூடோ வேண்டும். பென்டிரைவில் லைவ் லினக்ஸ் ஏற்றித்தான் மீண்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: பாம் கோப்பைத் திறப்பதற்கு முன் வேறொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து, வேலை முடிந்து சோதித்துப் பார்க்கும் வரை அதை மூடுவதே இல்லை.

கையால் திருத்தாமலே இருப்பது இன்னும் நல்லது. உபுண்டு, டெபியனில் பாம்-ஆத்-அப்டேட் கட்டளை ஒரு பட்டியல் காட்டும், கைரேகையைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோராவில் ஆத்செலக்ட் கருவியில் கைரேகை வசதியை இயக்குங்கள். இரண்டும் பாஸ்வேர்டு வழியை அப்படியே வைத்துக்கொண்டு ரேகையை அதற்கு முன்னால் சேர்க்கும். எத்தனை முயற்சி, எத்தனை விநாடி என்பதை பாம் மாட்யூலுக்கே சொல்லலாம். சும்மா விட்டால் 3 முயற்சி, 30 விநாடி.

டெர்மினலில் சூடோ கொடுக்கும்போது ஒரு எரிச்சல் வரும். பாம் வரிசையாகத்தான் கேட்கும். ரேகைக்குக் காத்திருக்கும் வரை பாஸ்வேர்டு தட்ட முடியாது. க்னோம் டெஸ்க்டாப்பின் லாகின் திரை இதற்காகவே பாஸ்வேர்டுக்கு ஒன்று, ரேகைக்கு ஒன்று என இரண்டு பாம் உரையாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறது. அதனால் அங்கே எது முதலில் வந்தாலும் கதவு திறக்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து வருபவரிடம் மாட்யூல் ரேகை கேட்காது. கேட்டால் வீட்டில் இருப்பவர் மேசையில் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

ரேகையால் உள்ளே வந்த பிறகு 'கீரிங் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பிழை என்று புகார் எழுதாதீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் லாகின் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டவை. ரேகை 'இவர்தான்' என்று மட்டும் சொல்கிறது, சாவி எதுவும் கொடுக்கவில்லை. இதனால்தான் என் கணினியில் கணினியைத் தொடங்கிய பின் முதல் லாகினுக்கு பாஸ்வேர்டு, பிறகு திரைப்பூட்டுக்கும் சூடோவுக்கும் ரேகை என்று வைத்திருக்கிறேன்.

படி 9: எதை நம்புகிறோம்?

பதில் ஜாதி சிப்களில் ரேகை வெளியே வராததால் பாதுகாப்பு என்பார்கள். பாதி உண்மை. 2023 நவம்பரில் பிளாக்விங் இன்டலிஜென்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு, விண்டோஸின் கைரேகை லாகின் வசதியான விண்டோஸ் ஹலோவைச் சுற்றிவந்து காட்டியது, அதில் லினக்ஸுக்கும் ஒரு பாத்திரம் உண்டு. டெல் இன்ஸ்பிரான் 15இல் இருந்த கூடிக்ஸ் சிப்பில் விண்டோஸுக்கு ஒரு ரேகைக் களஞ்சியம், லினக்ஸுக்கு ஒரு களஞ்சியம். விண்டோஸ் பக்கம் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நெறிமுறை இருந்தது, லினக்ஸ் பக்கம் இல்லை. அவர்கள் லினக்ஸில் நுழைந்து, உரிமையாளரின் அடையாள எண்ணிலேயே தங்கள் விரலைப் பதிந்தார்கள். பிறகு விண்டோஸ் தொடங்கும்போது நடுவில் புகுந்து, எந்தக் களஞ்சியத்தைப் பார்ப்பது என்று சிப்புக்குச் சொல்லும் பாக்கெட்டை மாற்றிவிட்டார்கள். அந்தப் பாக்கெட்டுக்கு எந்தச் சரிபார்ப்பும் இல்லை.

டிரைவர் எழுதும் நமக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. சிப் அனுப்பும் 'ஆம்' என்பதோடு எந்தப் பதிவு எண் பொருந்தியது என்பதையும் வாங்கி, கேட்ட பயனருடைய பதிவுதானா என்று ஒப்பிடுங்கள். வரும் பாக்கெட்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் உள்ளே எடுக்காதீர்கள். யாராவது போலி ரீடரைச் செருகினால் ரூட்டாக ஓடும் சேவைக்குள் அந்த பைட்டுகள் நேராகப் போய் விழும்.

படி 10: அனுப்பி வையுங்கள்

உங்கள் ரீடர் உங்களிடம்தான் இருக்கிறது, பராமரிப்பாளரிடம் இல்லை. நாளை யாரோ லைப்ரரியில் எதையோ மாற்றினால் உங்கள் டிரைவர் உடைந்ததா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அதற்கு யுமாக்டெவ் என்ற கருவி. ஒரு தடவை உண்மையான ரீடரில் ஓட்டி, யுஎஸ்பி பேச்சைக் கோப்பாகப் பதிந்துவிட்டால், ரீடர் இல்லாமலேயே அந்தப் பேச்சைத் திரும்ப நடித்துக் காட்டும். மூலநிரலின் டெஸ்ட்ஸ் அடைவில் இதை உருவாக்கித் தரும் பைத்தான் நிரல் தயாராக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பட ஜாதி ரீடரில் அந்தப் பதிவுக்குள் ஒரு முழு ரேகை இருக்கும், அது உலகம் பூராவும் நகலெடுக்கும் மூலநிரலோடு என்றென்றைக்கும் போகும். உங்கள் விரலை வைக்காதீர்கள். முழங்கை, உள்ளங்கையின் ஓரம், மூக்கு நுனி, எது சென்சாரை ஏமாற்றுகிறதோ அதை வையுங்கள். ஏதோ ஒரு படம் வந்தால் போதும், அது யாருடையது என்று சோதனை கேட்காது.

உரிமம் எல்ஜிபிஎல் 2.1 என்று கோப்பின் தலையில் எழுதுங்கள், அன்க்ரஸ்டிஃபை ஸ்கிரிப்டை ஓட்டி நிரலின் அடுக்கைச் சரிசெய்யுங்கள், மெர்ஜ் ரிக்வெஸ்ட் (உங்கள் நிரலைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போடுங்கள். விளக்கத்தில் எண் ஜோடியையும், எந்தக் கணினியில் சோதித்தீர்கள் என்பதையும், எது இன்னும் வேலை செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்த மூன்றாவதை மறைத்தால் மறுஆய்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.